வீட்டில் சுகர் மெஷின்: வாசகர் கேள்வி – பதில்

குளுக்கோமீட்டர் வைத்திருக்கும் வாசகர்கள் எழுதிக் கேட்டவற்றில் பலருக்கும் பொதுவான கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம். வேறு அளவு என்று சொல்லாத இடங்களில் சர்க்கரை எண்கள் எல்லாம் நம் ஊர் லேப் ரிப்போர்ட்டில் வரும் மி.கி./டெ.லி. கணக்குதான்.

கேள்வி: ஒரே நாள் காலை, வெறும் வயிற்றில் லேபில் 131 வந்தது. வீட்டு மெஷினில் 148. எதை நம்புவது? மெஷினை மாற்றிவிடலாமா?
– வாசகர், கும்பகோணம்

மாற்ற வேண்டாம். வீட்டு மீட்டர்களுக்கு ஐஎஸ்ஓ 15197 என்று ஒரு பன்னாட்டுத் தர விதி இருக்கிறது. 2013-இல் திருத்திய அந்த விதிப்படி, சர்க்கரை 100-க்கு மேல் இருக்கும்போது எடுத்த அளவீடுகளில் 95 சதவீதம் லேப் எண்ணிலிருந்து 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 100-க்குக் கீழே என்றால் 15 எண்ணுக்குள் இருக்க வேண்டும். 131-இல் 15 சதவீதம் கூட்டினால் 151, கழித்தால் 111. உங்கள் 148 இந்த எல்லைக்குள்தான் இருக்கிறது.

லேப் எண்ணிலும் ஒரு சங்கதி உண்டு. குழாயில் எடுத்து வைத்த ரத்தத்தில் உள்ள அணுக்கள் அப்போதும் உயிரோடுதான் இருக்கின்றன, சர்க்கரையைச் செலவழித்துக்கொண்டே இருக்கும். பிளாஸ்மாவைப் பிரிக்காமல் அறை வெப்பத்தில் வைத்தால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். சாம்பல் நிற மூடி போட்ட குழாயில் இருக்கும் ஃபுளோரைடு இதைத் தடுக்கத்தான், ஆனால் முதல் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு அதனாலும் முழுதாகத் தடுக்க முடியாது. காலை 7 மணிக்குச் சேகரிப்பு மையத்தில் எடுத்த ரத்தம் 10 மணிக்குப் பெரிய லேபுக்குப் போய்ச் சேர்ந்தால், ரிப்போர்ட்டில் வரும் எண் உங்கள் உடம்பில் இருந்ததைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும்.

சாப்பிட்ட பிறகு எடுத்ததை ஒப்பிட்டால் குழப்பம் இன்னும் கூடும். விரல் நுனியில் வருவது தமனி ரத்தத்துக்கு நெருக்கமானது. முழங்கை மடிப்பில் லேப்காரர் எடுப்பது, தசைகள் தங்களுக்கு வேண்டிய சர்க்கரையை எடுத்துக்கொண்ட பிறகு திரும்பி வரும் சிரை ரத்தம். வெறும் வயிற்றில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் விரல் ரத்தம் 20, 30 கூடக் காட்டுவது சாதாரணம்.

ஆகவே மெஷினைச் சோதிக்க நினைத்தால் இப்படிச் செய்யுங்கள். வெறும் வயிற்றில், மீட்டரையும் எடுத்துக்கொண்டு லேபுக்குப் போங்கள். கையில் ரத்தம் எடுத்த ஐந்து நிமிடத்துக்குள், அங்கேயே கை கழுவித் துடைத்துவிட்டு விரலில் குத்திப் பாருங்கள். குழாயில் எடுத்த ரத்தத்தில் ஒரு சொட்டை, மீட்டரில் செருகும் ஸ்ட்ரிப்பில் வைக்கக் கூடாது, குழாயில் கலந்திருக்கும் மருந்து அளவீட்டைக் கெடுத்துவிடும். இரண்டு மூன்று முறை இப்படிப் பார்த்தும் 15 சதவீதத்துக்கு மேல் ஒரே பக்கமாக விலகினால், கண்ட்ரோல் சொல்யூஷன் வாங்கிச் சோதியுங்கள். அளவு தெரிந்த சர்க்கரைக் கரைசல் அது. ரத்தத்துக்குப் பதில் அதை ஸ்ட்ரிப்பில் தொட்டு, வரும் எண் ஸ்ட்ரிப் டப்பாவின் மேல் அச்சிட்ட எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உங்கள் மீட்டருக்கென்று அதே கம்பெனி தயாரித்த கரைசல்தான் வேண்டும். திறந்தால் பொதுவாக மூன்று மாதம்தான் ஆயுள்.

ரத்தசோகை இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிவப்பணு குறைந்த ரத்தத்தில் பல மீட்டர்கள் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும், சிவப்பணு மிகுந்தால் குறைத்துக் காட்டும். ஹீமோகுளோபின் 7, 8 என்று இருப்பவர் அதைச் சரிசெய்யாமல் மீட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. எந்த அளவு வரை மீட்டர் சரியாக வேலை செய்யும் என்பது ஸ்ட்ரிப்புடன் வரும் தாளில் ‘ஹெமடோகிரிட்’ (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) என்ற தலைப்பில் இருக்கும்.

கேள்வி: அம்மாவுக்கு வயது 68. விரலில் குத்தினால் ரத்தமே வருவதில்லை. பிசைந்து எடுப்பதற்குள் அழுதுவிடுகிறார். வேறு வழி உண்டா?
– வாசகி, சிவகாசி

பிசைவதை முதலில் நிறுத்துங்கள். நுனியை நசுக்கும்போது ரத்தத்தோடு திசு நீரும் கலந்து வரும், அளவு தவறும். அம்மாவுக்கு வலி வேறு.

வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவச் சொல்லுங்கள். வெதுவெதுப்பே பாதி வேலையைச் செய்துவிடும், விரலுக்கு ரத்தம் ஓடி வரும். ஈரம் போகத் துடைத்து, கையை இடுப்புக்குக் கீழே 15 விநாடி தொங்கப் போடட்டும். நடுவிரல், மோதிர விரல், சுண்டுவிரல் இந்த மூன்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். குத்த வேண்டியது நுனியின் நடுச் சதையில் அல்ல, நகத்துக்குப் பக்கவாட்டில், விரலின் விளிம்பில். நடுவில்தான் வலி நரம்புகள் நெருக்கம். குத்தும் பேனாவின் தலையில் 1 முதல் 5 வரை ஆழ எண் இருக்கும். 2-இல் தொடங்கி, ரத்தம் வராவிட்டால் ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். வீட்டு வேலை செய்து தடித்த கைக்கு 4 கூடத் தேவைப்படலாம். பேனாவைத் தோலில் அழுத்தமாக வைத்துக் குத்த வேண்டும். தொட்டும் தொடாமலும் வைத்தால் ஊசி மேல்தோலோடு நின்றுவிடும், மறுபடி குத்த வேண்டி வரும்.

பிறகு உள்ளங்கையிலிருந்து விரல் நோக்கி மெதுவாக நீவிவிடுங்கள். சின்னக் கடுகளவு சொட்டு திரண்டு நின்றால் போதும், இன்றைய ஸ்ட்ரிப்களுக்கு அரை மைக்ரோலிட்டர் அளவே தேவை. சொட்டை ஸ்ட்ரிப்பின் மேல் தடவ வேண்டாம். ஸ்ட்ரிப்பின் வாயைச் சொட்டின் ஓரத்தில் தொட்டால் அதுவே உறிஞ்சிக்கொள்ளும், சின்ன ஜன்னல் முழுதும் சிவந்துவிடும். பாதி சிவந்து நின்றால் அந்த ஸ்ட்ரிப் வீண். மேலே இன்னொரு சொட்டு சேர்க்கப் பெரும்பாலான மீட்டர்கள் அனுமதிப்பதில்லை.

ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் போதாதா என்றும் கேட்டிருந்தீர்கள். ஸ்பிரிட் கிருமியைக் கொல்லும், விரலில் ஒட்டிய சர்க்கரையைப் போக்காது. ஆரஞ்சுப் பழம் உரித்த விரலை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டுக் குத்தினால் கூட எண் எக்கச்சக்கமாக ஏறிக் காட்டும். கழுவிவிட்டுக் குத்தினால் சரியான எண் வரும். பஞ்சாமிர்தம், வெல்லம், குழந்தையின் பால்புட்டி எதைத் தொட்டிருந்தாலும் இதே கதைதான். பயணத்தில் தண்ணீர் கிடைக்காவிட்டால் முதல் சொட்டைத் துடைத்துவிட்டு இரண்டாம் சொட்டில் பாருங்கள்.

வீட்டில் அப்பாவுக்கும் சர்க்கரை என்று எழுதியிருக்கிறீர்கள். மீட்டர் ஒன்றாக இருக்கலாம், குத்தும் பேனாவும் ஊசியும் தனித்தனியாகத்தான் இருக்க வேண்டும். ஊசியை மட்டும் மாற்றினால் போதும் என்று நினைக்காதீர்கள். பேனாவின் மூடியில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் ஒட்டியிருக்கும், மஞ்சள் காமாலை பி வைரஸ் பரவ அது போதும்.

கேள்வி: ஸ்ட்ரிப் கெட்டுவிடாமல் இருக்க ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறேன். சரிதானே?
– வாசகர், சென்னை

சரியில்லை. ஸ்ட்ரிப்பின் நுனியில் சர்க்கரையோடு மட்டும் வினைபுரியும் நொதி மிக மெல்லிய பூச்சாகப் பூசப்பட்டிருக்கிறது. ரத்தம் பட்டதும் அந்த வினையில் எழும் சிறு மின்னோட்டத்தை அளந்துதான் ஐந்து விநாடியில் எண் வருகிறது. இந்தப் பூச்சுக்குப் பகை ஈரமும் வெப்பமும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துத் திறந்த நொடியில் சென்னைக் காற்றின் ஈரம் குளிர்ந்த ஸ்ட்ரிப்பில் வேர்த்து நிற்கும்.

பெரும்பாலான ஸ்ட்ரிப்களுக்கு 30 டிகிரிக்குள் வைக்கச் சொல்லியிருப்பார்கள். மே மாதத்தில் அது கடினம்தான். வீட்டிலேயே குளிர்ச்சியான அறையில், பீரோவுக்குள் வையுங்கள். சமையலறை, ஃபிரிட்ஜ் தலைமேடை, காரின் முன்பலகை மூன்றும் கூடாது. ஸ்ட்ரிப்பை அதன் டப்பாவிலேயே வைத்திருக்க வேண்டும், மூடியிலோ சுவரிலோ ஈரம் உறிஞ்சும் பொருள் இருக்கிறது. ஒன்றை எடுத்த கையோடு மூடுங்கள், ஈர விரலை உள்ளே விடாதீர்கள். திறந்த தேதியை டப்பா மேல் பேனாவால் எழுதுங்கள். கம்பெனியைப் பொறுத்துத் திறந்த பின் ஆயுள் மூன்று மாதமோ ஆறு மாதமோ இருக்கும். மேலே அச்சிட்ட காலாவதித் தேதி திறக்காத டப்பாவுக்கு உரியது. மாதம் நாலைந்து முறை மட்டும் பார்ப்பவர்கள், ஒவ்வொன்றும் தனித்தனி உறையில் வரும் ஸ்ட்ரிப் கிடைக்கும் மீட்டராக வாங்குவது நல்லது.

கேள்வி: தினமும் காலையில் பார்க்கிறேன். 110, 115 தாண்டுவதில்லை. ஆனால் மூன்று மாத சராசரி 8.2 என்கிறார்கள். எப்படி? மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறேன்.
– வாசகி, தஞ்சாவூர்

மூன்று மாத சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை 8.2 சதவீதம் என்றால் நாள் முழுதுக்குமான சராசரி ஏறத்தாழ 189 என்று பொருள். கணக்கு இதுதான்: எச்பிஏ1சி-யை 28.7-ஆல் பெருக்கி 46.7-ஐக் கழிக்க வேண்டும். 7 என்றால் 154, 9 என்றால் 212. காலை 115-ஆக இருந்தும் சராசரி 189 என்றால், நீங்கள் பார்க்காத நேரங்களில் அது 200-க்கு மேல் போய் வருகிறது. நாள் முழுவதும் நடப்பதில் நீங்கள் பார்ப்பது ஒரே ஒரு நல்ல நேரம்.

கூடுதல் ஸ்ட்ரிப் செலவில்லாமல் இதைக் கண்டுபிடிக்கலாம். தினமும் காலையில் ஒன்று என்று 30 ஸ்ட்ரிப் செலவழிப்பதற்குப் பதில், ஜோடி ஜோடியாகப் பாருங்கள். திங்கள் காலை உணவுக்குச் சற்று முன் ஒன்று, பின் ஒன்று. புதன் மதியச் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும். வெள்ளி இரவு அதேபோல். வாரம் 6, மாதம் 24. ஒரு 25 டப்பாவில் அடங்கிவிடும். ‘பின்’ என்றால் முதல் வாய் சாப்பிட்ட நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம். கை கழுவிய நேரத்திலிருந்து எண்ணுபவர்கள் அதிகம், மதியச் சாப்பாடு அரை மணி ஆகிறவர்களுக்கு அந்த அரை மணியில் எண் மாறிவிடும்.

கர்ப்பிணி அல்லாத பெரியவர்கள் பலருக்கும் பொதுவாகச் சொல்லப்படும் இலக்கு, சாப்பாட்டுக்கு முன் 80 முதல் 130, பின் 180-க்குள். முதியவர்களுக்கும் வேறு நோய் உள்ளவர்களுக்கும் மருத்துவர் தளர்த்துவார். கர்ப்பிணிக்கு இறுக்கம், வெறும் வயிற்றில் 95-க்குள், சாப்பிட்டு ஒரு மணியில் 140-க்குள், இரண்டு மணியில் 120-க்குள்.

இனி அந்த ஜோடியை எப்படிப் படிப்பது என்று பாருங்கள். திங்கள் காலை வெண்பொங்கலுக்கு முன் 118, பின் 214 என்று வைத்துக்கொள்வோம். 96 ஏறியிருக்கிறது. அடுத்த திங்கள் அதே பொங்கலைப் பாதியாகக் குறைத்து, ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ சேர்த்துச் சாப்பிட்டுப் பாருங்கள். அதற்கடுத்த திங்கள் பழைய அளவே சாப்பிட்டு, முடித்ததும் 15 நிமிடம் நடந்து பாருங்கள். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் எது வேலை செய்தது என்று தெரியாது. மூன்று வாரத்தில் உங்கள் உடம்புக்கு எது ஒத்துவருகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

நோட்டில் எண்ணை மட்டும் எழுதாதீர்கள். தேதி, மணி, முன்னா பின்னா, என்ன எவ்வளவு சாப்பிட்டது, மாத்திரை எப்போது, இத்தனையும் வேண்டும். ‘214’ என்று மட்டும் இருந்தால் மருத்துவரால் மாத்திரையைக் கூட்டத்தான் முடியும். ‘214, நாலு கரண்டி பொங்கல், நடக்கவில்லை’ என்று இருந்தால் மாத்திரையைக் கூட்டாமலே வழி சொல்ல முடியும். மீட்டரின் நினைவகத்தை நம்பியிருப்பவர்கள் பேட்டரி மாற்றியதும் தேதியும் மணியும் சரியா என்று பார்த்துவிடுங்கள். காலை, மாலை மாறிக் கிடக்கும் மீட்டரில் ஆறு மாதப் பதிவும் உபயோகமில்லை.

கேள்வி: அப்பா கிளிமிபிரைடும் வோக்லிபோஸும் சாப்பிடுகிறார். நேற்று வேர்த்துக் கை நடுங்கியது, பார்த்தால் 61. சாக்லேட் கொடுத்தோம், அரை மணி ஆகியும் 64-தான். ஏன்?
– வாசகர், திண்டுக்கல்

இரண்டு காரணம். சாக்லேட்டில் உள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். அதைவிட முக்கியம் வோக்லிபோஸ். சாதாரணச் சர்க்கரையைக் குடலில் உடைக்கும் நொதியைத் தடுப்பதுதான் அந்த மாத்திரையின் வேலையே. அகார்போஸும் அப்படித்தான். இந்த இரண்டில் ஒன்றைச் சாப்பிடுபவருக்குச் சீனி, மிட்டாய், சாக்லேட் உடனே உதவாது. உடைக்கத் தேவையில்லாத குளுக்கோஸ் பொடிதான் வேண்டும். வாசனை, நிறம் சேர்க்காத பொடியாக வாங்கி, வீட்டில் ஒன்றும் அவர் சட்டைப்பையில் பொட்டலமாக ஒன்றும் வையுங்கள்.

70-க்குக் கீழே வந்தாலே 15 கிராம், அதாவது தலை தட்டிய நாலு தேக்கரண்டி குளுக்கோஸை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, இன்னும் 70-க்குக் கீழே என்றால் அதே அளவு திரும்பவும். மறுபடி பார்க்கும் முன் அவர் விரலைக் கழுவ மறக்காதீர்கள். பொடி கலக்கிய, டம்ளர் பிடித்த விரலில் குத்தினால் எண் ஏறிக் காட்டும், சரியாகிவிட்டது என்று ஏமாந்து போவீர்கள்.

எண் ஏறியதும் விட்டுவிடாதீர்கள். கிளிமிபிரைடின் வேகம் பல மணி நேரம் நீடிக்கும், திரும்ப இறங்கலாம். உடனே ஒரு வேளை உணவு கொடுத்து, ஒரு மணி நேரத்தில் மீண்டும் பாருங்கள். படுக்கும் முன்னும் பாருங்கள். அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும், மாத்திரை அளவை மாற்ற வேண்டியிருக்கலாம். 54-க்குக் கீழே போவது இன்னும் ஆபத்து. நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

கேள்வி: இரவு படுக்கும்போது 132. ஒன்றும் சாப்பிடாமல் காலையில் 171. எங்கிருந்து வந்தது?
– வாசகர், தூத்துக்குடி

பெரும்பாலும் கல்லீரலிலிருந்து. விடியற்காலையில் சுரக்கும் ஹார்மோன்கள் உடம்பை எழுப்பத் தயார்ப்படுத்தும்போது கல்லீரல் சர்க்கரையை வெளியே விடுகிறது. இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தக்கூடிய மாத்திரையோ எடுப்பவராக இருந்தால் இரவில் மிகவும் இறங்கி, அதன் பிறகு ஏறியும் இருக்கலாம். இரண்டு மூன்று நாள் அலாரம் வைத்து 3 மணிக்கு எழுந்து பாருங்கள். 3 மணிக்கு 130, 140 என்றால் விடியற்கால ஏற்றம். 70-க்குக் கீழே என்றால் கதையே வேறு. அந்த எண் தெரியாமல் இரவு மருந்தை நீங்களாகக் கூட்டாதீர்கள்.

கேள்வி: மகன் மலேசியாவிலிருந்து மீட்டர் வாங்கி வந்தான். 7.8 என்று காட்டுகிறது. இங்கே யாருக்கும் புரியவில்லை.
– வாசகி, காரைக்குடி

அங்கே மில்லிமோல்/லிட்டர் கணக்கு. 18-ஆல் பெருக்குங்கள், 7.8 என்பது 140. பல மீட்டர்களில் அளவு முறையை மாற்ற முடியாது. அந்த மீட்டருக்கான ஸ்ட்ரிப் உங்கள் ஊரில் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எண்ணுக்குப் பதில் ‘ஹெச்ஐ’ என்று எழுத்து வந்தால்?
– வாசகர், வேலூர்

வணக்கம் சொல்கிறது என்று நினைத்தவர்கள் உண்டு. அது ‘மிக அதிகம்’ என்ற எச்சரிக்கை, பெரும்பாலான மீட்டர்களில் 600-க்கு மேல் என்று பொருள். கை கழுவிப் புது ஸ்ட்ரிப்பில் மறுபடி பாருங்கள். மீண்டும் அதுவே வந்தால் நேரே மருத்துவமனைக்குப் போங்கள். வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு, மந்தமான பேச்சு இவற்றில் ஒன்று இருந்தால் மறுசோதனைக்குக் கூடக் காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: நோன்பு நேரத்தில் விரலில் குத்தினால் நோன்பு முறியுமா?
– வாசகர், காயல்பட்டினம்

முறியாது என்பதே மார்க்க அறிஞர்களின் பொதுவான கருத்து, மருத்துவ வழிகாட்டுதல்களும் அதைச் சொல்கின்றன. 70-க்குக் கீழே இறங்கினாலோ, 300-க்கு மேல் போனாலோ, உடம்பு முடியாமல் ஆனாலோ நோன்பைத் திறந்துவிட வேண்டும். இஃப்தாருக்கு ஒரு மணி நேரம்தானே என்று பொறுக்காதீர்கள். ரமலானுக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே மருத்துவரைப் பார்த்து மாத்திரை நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: குத்திய ஊசிகளைக் குப்பையில் போடலாமா?
– வாசகி, ஈரோடு

அப்படியே போட்டால் குப்பை பிரிக்கும் தொழிலாளியின் கையில் ஏறும். கெட்டியான பிளாஸ்டிக் டப்பா ஒன்றை, பழைய ஷாம்பு பாட்டிலோ மாத்திரை டப்பாவோ, இதற்கென்றே ஒதுக்கி ‘ஊசி’ என்று எழுதி, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். ஊசியைப் பேனாவிலிருந்து கழற்றும்போதே நேராக அதற்குள் விழட்டும், பழைய மூடியை மறுபடி மாட்ட முயல வேண்டாம். முக்கால் பாகம் நிறைந்ததும் மூடியை டேப் சுற்றி ஒட்டிவிட்டு, நீங்கள் போகும் மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேட்டு, அவர்களுடைய ஊசிக் கழிவோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.